சுழற்றி வாங்குமுன் அடிச்சேற்றை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சூரிய ஒளியில் ஓடும் நீர்ச் சுழற்றி ஒன்றைக் கழிவுநீர்க் குட்டையில் மிதக்கவிட்டால் நாற்றம் குறையும், மின்பட்டியலும் வராது என்றால் எந்தப் பிரதேச சபைக்கும் ஆசை வரத்தான் செய்யும். ஆசையில் பிழையில்லை, பொறியும் நல்ல பொறிதான். ஆனால் அதனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று தெரியாமல் வாங்கினால் இரண்டாம் வருடம் அது குட்டையின் நடுவே கொக்கு குந்தும் மேடையாகிவிடும். வன்னியின் சிறு நகரங்களை மனதில் வைத்து, இந்த வேலை தெரிந்தவர்கள் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறோம்.

முதலில் குட்டைக்குள் நடப்பது. ஒன்றரை மீற்றர் ஆழக் குட்டையில் கழிவைத் தின்பவை பற்றீரியாக்கள். அவற்றுக்கு வேண்டிய ஒட்சிசனைப் பகலில் கொடுப்பது பச்சைப் பாசி. அடியில் படியும் சேறு ஒட்சிசன் இல்லாமலே மெல்ல உக்கி வாயுவாகும். மேலடுக்கும் வேண்டும், கீழடுக்கும் வேண்டும். பங்குனி, சித்திரையில் காற்று அசையாத நாட்களில் மேலே ஒரு முழத் தண்ணீர் சூடேறி இலேசாகி, கீழே கிடக்கும் குளிர்ந்த பாரமான தண்ணீரின் மேல் எண்ணெய் மாதிரிப் படுத்துக்கொள்ளும். பாசியில் பெரும்பகுதி அந்த ஒரு முழத்துக்குள் அடைபடும். பின்னேரம் மேல்நீரின் காரத்தைக் காட்டும் பி.எச். அளவு 9ஐத் தாண்டும், அங்கே ஒட்சிசன் மிதமிஞ்சி வானத்துக்குப் போக, ஒரு மீற்றர் கீழே பூச்சியம். உள்ளே வரும் கழிவுநீரும் குட்டை முழுவதும் பரவாமல் ஏதோ ஒரு அடுக்கைப் பிடித்து, நேரே தண்ணீர் வெளியேறும் வெளிவாய்வரை ஓடிவிடும். வைகாசியில் தென்மேற்குக் காற்றான சோளகம் எழும்பினால் காற்றே இதைக் கலக்கிவிடும். ஊர்ச்சனம் மணம் என்று முறைப்பாடு செய்வது சோளகத்துக்கு முந்திய அந்தப் புழுக்க நாட்களில்தான்.

சோளகம் இல்லாத நாளில் சோளகத்தின் வேலையைச் செய்வதுதான் சுழற்றி. மிதவைகளுக்கு நடுவே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, அகன்ற விசிறி ஒன்று மெதுவாகச் சுற்றும். அதன் கீழே தொங்கும் மடிப்புக் குழாய் குறித்த ஆழத்திலிருந்து நீரை மேலே இழுக்க, இழுத்த நீர் மேற்பரப்பில் மெல்லிய விரிப்பாக நாலா பக்கமும் போகும். நுரை எழும்பாது, சத்தம் கேட்காது. கரையில் நின்று பார்த்தால் ஓடுகிறதா நிற்கிறதா என்றே ஐமிச்சம் வரும்.

இந்தப் பொறி ஒட்சிசனை உண்டாக்காது. இருக்கிற ஒட்சிசனைக் கீழே கொண்டுபோகும், கீழே இருக்கிற பாசியை வெயிலுக்குக் கொண்டுவரும், அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள். ஒரு நாளைக்கு 90 கிலோ பி.ஓ.டி. (பற்றீரியா தின்ன வேண்டிய ஒட்சிசனால் அளக்கும் கழிவின் அளவு) சுமை உள்ள குட்டைக்கு ஏறக்குறைய 135 கிலோ ஒட்சிசன் வேண்டும். கழிவுநீரில் ஓடும் மின் காற்றூட்டி ஒரு யூனிற் மின்சாரத்துக்கு 1.2 கிலோ கொடுத்தால் நாளுக்கு 110 யூனிற்றுக்கு மேல் போகும். 60 வாற் சுழற்றி 24 மணித்தியாலம் ஓடினாலும் ஒன்றரை யூனிற்தான் எடுக்கும். ஒன்றரை யூனிற் 110 யூனிற்றின் வேலையைச் செய்வதாக யாராவது விலைமனுவில் எழுதினால் அந்தத் தாளை மடித்து வைத்துவிடலாம். மிச்ச வேலையைச் செய்வது பாசி. 25 பாகை வெப்பத்தில் இவ்வகைக் குட்டை ஒரு ஹெக்டேயருக்கு நாளொன்றுக்கு 350 கிலோ பி.ஓ.டி. வரை தாங்கும் என்பது வடிவமைப்பில் எடுக்கும் அளவு. ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 140 கிலோ. அதற்கு மேல் கொட்டினால் பாசி சாகும். பாசி செத்த குட்டையில் சுழற்றி கறுத்த தண்ணீரைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

எங்கள் பகுதிச் சிறு நகரங்களில் குழாய்வழிக் கழிவுநீரைவிடப் பவுசரில் (மலக்குழியை உறிஞ்சி எடுக்கும் லொறியில்) வரும் மலக்கழிவே பெரிய தலையிடி. 5000 லீற்றர் பவுசர் ஒன்றை எடுங்கள். மலக்குழிக்கு மலக்குழி அதன் செறிவு மாறும். கணக்குக்காக லீற்றருக்கு 3000 மில்லிகிராம் பி.ஓ.டி. என்று வைத்தால் ஒரு பவுசர் 15 கிலோ. ஆளுக்கு நாளுக்கு 45 கிராம் என்றால் இது 330 பேரின் ஒருநாள் கழிவு. ஒன்பது பவுசர் வந்தால் ஒரு ஏக்கர்க் குட்டையின் முழுக் கொள்திறனும் முடிந்தது. அதுவும் நாள் முழுக்கப் பரவலாக வருவதில்லை; காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் ஒரே மூலையில் ஊற்றப்படுகிறது. மலக்கழிவில் உள்ள அமோனியாவும், பி.எச். உயர்ந்த நேரத்தில், பாசிக்கு நஞ்சு.

இதைவிடக் கவனிக்க வேண்டியது காலம். கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வர மலக்குழிகள் நிரம்பி வழியும். பவுசருக்கு வரிசை நிற்கும். அதே இரண்டு மாதமும்தான் மப்பும் மழையும். பாசிக்கு வெயில் இல்லை, சுழற்றிக்கு மின்சாரம் தரும் சூரியப் பனலுக்கும் வெயில் இல்லை. குட்டைக்குச் சுமை உச்சத்தில் இருக்கும்போது அதன் பலம் அடிமட்டத்தில் இருக்கிறது. ஆகவே வன்னியில் எந்தக் கணக்கையும் மார்கழியை வைத்துத்தான் போடவேண்டும். வருடச் சராசரி இங்கே ஆளை ஏமாற்றும்.

சுழற்றிக்கு முன் செய்ய வேண்டியவை மூன்று. மூன்றும் மலிவானவை.

பவுசர் நேரே குட்டைக்குள் ஊற்றக்கூடாது. 20 மில்லிமீற்றர் இடைவெளிக் கம்பித் தட்டி, அதன்பின், ஒட்சிசன் இல்லாமல் கழிவு உக்கும் ஆழமான காற்றில்லாக் குட்டையோ படிவுத் தொட்டியோ கட்டாயம். தட்டியில் துணி, பொலித்தீன், அணையாடை எல்லாம் தங்கும். தங்காவிட்டால் அவை நேரே சுழற்றியின் விசிறியில் சுற்றும். இன்னும் இரண்டு படிவுத் தொட்டி கட்டி மாறி மாறி நிரப்பினால் மேல்தண்ணீரை மட்டும் சீராக விடலாம்.

அடுத்தது அடிச்சேற்றை அளப்பது. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்ட மூன்று மீற்றர்க் கம்பு, அதன் கீழ் ஒரு மீற்றருக்கு இறுக்கிச் சுற்றிய வெள்ளைத் துவாய். சிறு வள்ளத்தில் போய், கம்பை நெட்டுக்கு மெதுவாக அடிவரை இறக்கி, கொஞ்சம் பொறுத்து, மெதுவாக எடுங்கள். கறுப்பாகச் சேறு ஒட்டிய உயரம்தான் அந்த இடத்துச் சேற்றின் தடிப்பு. அதற்கு மேல் துவாய் வெறுமனே நனைந்திருக்கும். கம்பைச் சடாரென்று குத்தினால் சேறு கலங்கித் துவாய் முழுக்கக் கறுக்கும், அளவு பிழைக்கும். நீளத்துக்கு ஐந்து, அகலத்துக்கு நாலு என்று இருபது இடத்தில் எடுத்தால் குட்டையின் அடி எப்படிக் கிடக்கிறது என்று படம் வரையலாம். பெரும்பாலும் கழிவுநீர் உள்ளே வரும் உள்வாய்க்குப் பக்கத்தில் மேடு தட்டியிருக்கும். காற்றில்லாக் குட்டையில் மூன்றில் ஒரு பங்கு சேறாகிவிட்டால் அள்ளவேண்டும். ஆளுக்கு வருடத்துக்கு 0.04 கன மீற்றர் என்று கணக்கு வைத்தால் 5000 பேருக்கு 200 கன மீற்றர். நாற்பது பவுசர் சேறு. பத்து வருடம் அள்ளாத குட்டைக்கு எந்தச் சுழற்றியும் மருந்தாகாது.

மூன்றாவது, தண்ணீர் எந்த வழியால் போகிறது என்று பார்ப்பது. காற்றில்லாத ஒரு விடியற்காலையில் இருபது தோடம்பழத்தை உள்வாயில் போடுங்கள். தோடம்பழம் முக்கால்வாசி அமிழ்ந்து மிதப்பதால் காற்றுக்கு அதிகம் அள்ளுப்படாது. சில மணித்தியாலத்தில் வெளிவாய்க்கு வந்துவிட்டால் இருபது நாள் தங்கவேண்டிய தண்ணீர் குறுக்குவழியால் போகிறது என்று அர்த்தம். உள்வாயும் வெளிவாயும் நேருக்கு நேர் இருந்தால் நடுவே தடுப்புத்திரை போடவேண்டும். சாதாரணத் தறப்பாள் வெயிலில் வெடித்துப்போகும். குட்டை அடிக்கு விரிக்கும் தடித்த எச்.டி.பி.ஈ. பிளாஸ்ரிக் விரிப்பில் தைத்து, கீழே சங்கிலியோ கொங்கிறீட்டுக் கட்டியோ பாரமாகக் கட்டவேண்டும். புதிதாகக் குட்டை வெட்டுகிறவர்கள் சோளகத்தை எதிர்த்துத் தண்ணீர் ஓடும்படி, உள்வாயை வடகிழக்கிலும் வெளிவாயைத் தென்மேற்கிலும் வைத்தால் இந்தச் சிக்கலில் பாதி வராது. ஆகாயத்தாமரையும் சல்வீனியாவும் மூடியிருந்தால் முதலில் அவற்றை அள்ளுங்கள். வெயில் படாத தண்ணீரில் பாசி இல்லை.

இவ்வளவும் செய்தபின்னும், விடிய 6 மணிக்கு முன் 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் கரைந்த ஒட்சிசன் பூச்சியமாகவே இருந்து, நடுமத்தியானத்தில் மேலுக்கும் அடிக்கும் 3 பாகைக்கு மேல் வெப்ப வித்தியாசம் நின்றால், சுழற்றி வாங்குங்கள். அப்போது அது காசுக்குத் தகுந்த வேலை செய்யும். பின்னேரம் 2 மணிக்கு எடுத்த ஒட்சிசன் அளவைக் காட்டி யாரும் எதையும் நிரூபிக்க முடியாது. மோசமான குட்டைகூட அந்நேரம் மேலே 15 மில்லிகிராம் காட்டும்.

வாங்கும்போது விற்பனையாளர் சொல்லும் ஓட்டக் கணக்கை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். விசிறி நேரடியாகத் தள்ளும் நீர் ஒன்று. அந்த ஓட்டத்தால் இழுபட்டு அசையும் நீர் இன்னொன்று. இரண்டையும் கூட்டிப் பெரிய இலக்கமாக அச்சடிப்பது இந்த வியாபாரத்தின் வழக்கம். ஒரு ஏக்கர், ஒன்றரை மீற்றர் ஆழம் என்றால் சரிவுகளைக் கழித்து ஏறத்தாழ 5000 கன மீற்றர். நேரடி ஓட்டம் மணிக்கு 200 கன மீற்றர் இருந்தால் முழுக் குட்டையும் ஒரு நாளில் ஒருமுறை குழாய்க்குள்ளால் போய்வரும். அது போதும்.

மின்பகுதி. 60 வாற் மோட்டார் 24 மணித்தியாலத்துக்கு 1440 வாற் மணி. பற்றரியிலும் கொன்ற்ரோலரிலும் கேபிளிலும் போகும் இழப்பைச் சேர்த்தால் 2000. மார்கழி மப்புக்கு நாளொன்றுக்கு மூன்றரை மணி நேர முழுவெயில் என்று எடுத்தால் 570 வாற் பனல் வேண்டும். 300 வாற் பனல் இரண்டு. வன்னி 9 பாகை வடக்கே இருக்கிறது, ஆகவே தெற்குப் பார்த்து 10 பாகைச் சரிவு. அதைவிடப் படுத்தால் புழுதி மழையில் கழுவுப்படாது, நிமிர்த்தினால் சோளகம் மிதவையைப் புரட்டும். பற்றரி 24 வோல்ற், 100 அம்பியர் மணி லித்தியம் இரும்புப் பொசுபேற்று வகை. அதில் எண்பது வீதம் எடுத்தால் வெயிலே இல்லாமல் 32 மணித்தியாலம் ஓடும். ஈயப் பற்றரி விலை குறைவுதான், ஆனால் பாதிக்கு மேல் வடிந்தால் சீக்கிரம் சாகும், பங்குனி வெக்கையில் மூடிய பெட்டிக்குள் இன்னும் சீக்கிரம். பகலில் மட்டும் ஓடும் பற்றரி இல்லாத மலிவு வகையைப் பார்த்து மயங்கவேண்டாம். ஒட்சிசன் குறைவதும் மணம் எழும்புவதும் இரவில்.

இனிக் குழாய் வாய். இந்தப் பொறியில் அதிகம் பிழைக்கும் இடம் இதுதான். குழாய் மிதவையிலிருந்து தொங்குகிறது. அதன் ஆழம் மேற்பரப்பிலிருந்து அளக்கப்படுகிறது. ஆனால் சேறு அடியில் இருக்கிறது. தை மாதத்தில் தண்ணீர் ஒன்றரை மீற்றர், சேறு 30 சென்ரிமீற்றர். குழாய் வாயை 90 சென்ரிமீற்றரில் வைத்தீர்கள். சேற்றுக்கு மேலே 30 சென்ரிமீற்றர் இடைவெளி. சரி. ஆனி, ஆடியில் நாளுக்கு 6 மில்லிமீற்றர் ஆவியாகும். ஒரு ஏக்கருக்கு அது 24 கன மீற்றர், ஐந்து பவுசர்த் தண்ணீர். வரவு அதைவிடக் குறைந்தால் வெளிவாய் காய்ந்து மட்டம் இறங்கத் தொடங்கும். ஆவணியில் 40 சென்ரிமீற்றர் இறங்கிவிட்டது என்று வையுங்கள். சேறு இருந்த இடத்திலேயே இருக்க, மிதவையோடு குழாயும் இறங்கி அதன் வாய் சேற்றுக்குள் 10 சென்ரிமீற்றர் புதைந்து நிற்கும். சுழற்றி அன்றிலிருந்து கறுத்த சேற்றை உறிஞ்சி மேற்பரப்பில் விசிறும். ஐதரசன் சல்பைட்டு முட்டை நாற்றத்தோடு வெளிவரும், உள்ள ஒட்சிசனையும் சேறு குடித்துவிடும். "மெஷின் போட்டபின்தான் நாற்றம் கூடியது" என்று சனம் சொல்லும். அது உண்மையாகவும் இருக்கும். மாதம் ஒருமுறை மட்டம் பார்த்து, குழாய் வாயைச் சேற்றுக்கு மேல் குறைந்தது 30 சென்ரிமீற்றரில் வைத்துக்கொள்ளவேண்டும். ஆழத்தை மாற்றச் சங்கிலியும் கொளுக்கியும் உள்ள வகையைத்தான் வாங்கவேண்டும். ஆணி அடித்து முடக்கியதை வாங்கக்கூடாது. கரையில் நிறம் பூசிய அளவுகோல் ஒன்று நட்டால் மட்டம் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

முதன்முதல் ஓடவிடும்போதும் இதே கவனம். முதல் வாரம் குழாய் வாய் நீர்மட்டத்திலிருந்து 40 சென்ரிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. பின்பு மூன்று, நாலு நாளுக்கு ஒருமுறை 15 சென்ரிமீற்றர் இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் விடியற்கால ஒட்சிசனைப் பாருங்கள். அது விழுந்தால் ஒரு படி மேலே தூக்குங்கள். முதல் நாளே முழு ஆழத்துக்கு இறக்கினால் பல வருடமாக அடியில் அடைந்து கிடந்ததெல்லாம் ஒரே பகலில் மேலே வரும். காற்றில்லாக் குட்டையில் கலக்குவதற்காக இதைப் போடவே கூடாது. மணத்தை அடக்க மேலே ஒரு முழத்தை மட்டும் சுற்றவிடலாம், அதற்கு மேல் வேண்டாம்.

பொறியை வைக்கும் இடம் குட்டையின் நடுவிலிருந்து சற்று உள்வாய்ப் பக்கம். வெளிவாய்க்கு 15 மீற்றருக்குள் வந்தால் கலங்கிய நீரையும் பாசியையும் வெளியே தள்ளிவிடும். நங்கூரம் விரிப்பைத் துளைக்கும் கம்பியாக இருக்கக்கூடாது. கீழே தடித்த துணிவிரிப்பு மெத்தை போட்டு, விளிம்பு மழுக்கிய கொங்கிறீட்டுக் கட்டிகளாக இருக்கட்டும். கயிற்றை ஆவணி மட்டத்துக்கு இறுக்கினால் மார்கழி வெள்ளத்தில் மிதவை ஒரு பக்கம் அமிழும். மார்கழி மட்டத்துக்குத் தளர்த்தினால் ஆவணியில் சோளகத்தோடு கரைக்குப் போய் முட்டும். கயிற்றின் நடுவில் ஒரு சிறு மிதவையும் ஒரு பாரமும் கட்டினால் மட்டத்தோடு சேர்ந்து தானே நீண்டு சுருங்கும்.

மற்றப் பழுதுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். செப்புக் கம்பி முனைகளை ஐதரசன் சல்பைட்டு கறுப்பாக அரிக்கும். வெள்ளீயம் பூசிய கம்பியும் நீர் புகாத இணைப்புப் பெட்டியும் வேண்டும், துருப்பிடிக்காத உருக்கு என்றால் 316 தரம். பனலில் நீர்க்காகம் குந்தி எச்சமிடும், கரையில் வைத்தால் மயில் ஏறும். எதுவானாலும் கிழமைக்கு ஒருமுறை துடைக்க ஒரு ஆள் வேண்டும், பனலின் மேல் இழுத்துக் கட்டிய நரம்புக் கயிறு ஓரளவு தடுக்கும். சித்திரை இடிக்கு மின்னற்காப்பு. திருட்டுக்கு, சாதாரணச் சாவியில் கழராத போல்ற். மாடும், சில இடங்களில் யானையும் முதலையும் வரும் என்பதால் வேலி. வள்ளத்தில் போகிறவர்கள் இரண்டு பேராகவே, மிதவைச் சட்டையோடு போகவேண்டும். கையில் கீறலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு.

வெளியேறும் நீரின் தரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. உள்நாட்டு நீர்நிலைக்கு விடும் கழிவுநீருக்கு 2008ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கத் தேசியச் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் வைத்த எல்லை, லீற்றருக்கு பி.ஓ.டி. 30 மில்லிகிராம், தொங்கல் திண்மம் (நீரில் கரையாமல் மிதக்கும் துகள்) 50 மில்லிகிராம், பி.எச். 6.0 முதல் 8.5, மலத்தால் வரும் கோலிஃபோம் கிருமி 100 மில்லிலீற்றருக்கு 40. நன்றாக வேலை செய்யும் பச்சைக் குட்டையே பாசியால் திண்ம எல்லையையும், பின்னேர பி.எச். எல்லையையும் மீறும். சுழற்றி பி.எச்.ஐக் கொஞ்சம் இறக்கும், மேலே மிதக்கும் நீலப்பச்சைப் பாசியைக் குறைக்கும். திண்மத்தைக் கட்டாயம் குறைக்கும் என்று சொல்ல முடியாது. குட்டைகள் தொடராக இருந்தால் கடைசிக் குட்டையில், கிருமி சாகவேண்டிய இடத்தில், நீரை வட்டமாகச் சுற்றினால் நேற்று வந்த தண்ணீரும் இன்று வெளியே போக வாய்ப்புண்டு. அங்கே சுழற்றியைவிடத் தடுப்புத்திரை மேல். பாசியைப் பிடிக்க 40 முதல் 100 மில்லிமீற்றர்க் கல் அடுக்கிய வடிகட்டியோ சம்புப் படுகையோ கடைசியில் வைக்கலாம். கனகராயன் ஆற்றின் மேற்படுகையில் விடும் தண்ணீர் இரணைமடுக் குளத்துக்குத்தான் போகிறது என்பதால் மாங்குளப் பக்கத்துக் குட்டைகளுக்கு இந்தக் கடைசிப் படி ஆடம்பரம் அல்ல.

விலைமனு கோரும் கேள்விப்பத்திரம் எழுதும் சபைகள் இவற்றைச் சேர்த்துக்கொள்ளட்டும்: நேரடி ஓட்டம் தனியாக, மார்கழி வெயிலில் 24 மணித்தியால ஓட்டம், மாற்றக்கூடிய குழாய் ஆழம், மேலதிக விசிறி, தாங்கி (பெயரிங்), சீல், கொன்ற்ரோலர் ஒவ்வொன்று, மூன்று வருடப் பராமரிப்பு, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ வந்து திருத்தக்கூடிய ஆள். அதோடு ஒரு ஒட்சிசன் மானி. பொறி வாங்கக் காசு ஒதுக்கி மானி வாங்காமல் விடுவது வழக்கமாக நடக்கிற தவறு. பொறுப்பாளர் கையில் ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கட்டும். தினமும் நாலே வரி: விடியற்கால ஒட்சிசன், நீர்மட்டம், வந்த பவுசர் எண்ணிக்கை, தண்ணீரின் நிறம். பச்சை என்றால் சுகம். இளஞ்சிவப்பு என்றால் சுமை மிஞ்சி ஊதாப் பற்றீரியா வந்துவிட்டது. சாம்பலோ கறுப்போ என்றால் அன்றே பவுசரை நிறுத்தவேண்டும்.

இன்னொன்றும் உண்டு, பலர் விட்டுவிடுவது. பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட குட்டையின் சரிவு நனைந்தால் சவர்க்காரம் மாதிரி வழுக்கும்; உள்ளே விழுந்த பெரிய ஆளாலும் ஏறிவர முடியாது. நாலு பக்கமும் கரையில் முளை அடித்து, அடிவரை தொங்கும் முடிச்சுக் கயிறு ஒவ்வொன்று கட்டிவிடுங்கள். சுழற்றி வருகிறதோ இல்லையோ, அதை இந்தக் கிழமையே செய்யலாம்.

இங்ஙனம்,
கழிவுநீர்ப் பராமரிப்பில் ஈடுபடும் தொழில்நுட்பவியலாளர் சிலர்,
கிளிநொச்சி.